மணல் தட்டை மறந்த பூனை

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் என்னைத் தேடி வந்தான். பாடத்தில் ஏதோ ஐயம் போலும் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு: "சார், பூனைக்கு மூளை குழம்புமா?"

அவன் வீட்டில் மூன்று வயதுக் கடுவன் பூனை ஒன்று உண்டு. மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? அகன்ற பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் மணலைக் கொட்டிக் குளியலறை மூலையில் வைத்திருந்தார்கள். ஒன்றரை ஆண்டாகப் பூனை அதைத்தான் பயன்படுத்தி வந்தது. ஆனால் ஒரு வாரமாக மெத்தையில், துவைக்கப் போட்ட துணியில், கூடத்துத் தரையில் என்று கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியிருந்தது. "அடித்தும் பார்த்துவிட்டோம், சார். ஞாயிற்றுக்கிழமை சாக்கில் போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடப் போவதாக அப்பா சொல்கிறார்" என்றான். கண் கலங்கியிருந்தது.

நான் இயற்பியல் ஆசிரியன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆனாலும் பல ஆண்டுகள் பூனை வளர்த்தவன். ஆய்வுக்கூடத்தில் மின்னோட்டமானி தாறுமாறாக அளவு காட்டினால் அதை அடிப்பதில்லை அல்லவா? எங்கே, எவ்வளவு, எத்தனை முறை என்று குறித்துக் கொள்கிறோம். அவனிடமும் அதைத்தான் கேட்டேன்.

முதலில், எங்கே? சுவரிலா, தரையிலா? நின்றபடி வாலை உயர்த்தி நடுங்கச் செய்து, சுவரிலோ கதவிலோ பீச்சுகிற பூனை கழிவு வெளியேற்றவில்லை. "இது என் எல்லை" என்று அறிவிப்புப் பலகை நடுகிறது. காயடிக்காத கடுவன்களின் வழக்கம் இது. அறுவை செய்தபின் பத்தில் ஏறத்தாழ ஒன்பது கடுவன்கள் இதை விட்டுவிடுகின்றன, அல்லது பெரிதும் குறைத்துக் கொள்கின்றன. நம் மாணவனின் பூனையோ தரையில் குந்தித்தான் போகிறதாம்.

அடுத்து, எவ்வளவு? நான்கு கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளில் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் சிறுநீரை இரண்டு மூன்று தடவைகளில் கழிக்கும். "ஒரு ரூபாய் நாணய அளவுதான், சார். இன்றைக்கு அதுவும் இல்லை. காலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டது. உட்காரும்போது கத்துகிறது. பாட்டி காய்ச்சல் மாத்திரையில் பாதி கொடுக்கலாம் என்றார்கள்."

நான் எழுந்தே விட்டேன். ஞாயிறுவரை காத்திருக்கக் கூடிய செய்தி அன்று அது. மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம், அப்பாவை உடனே அழைத்து வா என்றேன். அரை மணி நேரத்தில் பூனை, காய்கறிக் கூடையில் மேலே துண்டு கட்டப்பட்டு, மாணவனின் தந்தையின் ஸ்கூட்டரில் கால்நடை மருத்துவரிடம் சென்று கொண்டிருந்தது.

இவ்வளவு அவசரம் எதற்கு? கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. நுனியில் இன்னும் குறுகும். பிரெஞ்சு மருத்துவரான புவாசேய் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நுண்குழாய்களில் நீர் பாய்வதை அளந்து ஒரு விதியைக் கண்டார். அழுத்தமும் நீளமும் மாறாதிருந்தால், பாயும் நீரின் அளவு குழாய் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் பாய்வு பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது! ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே பாய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 0.8-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். உட்சுவர் சற்றே வீங்கினாலும், சில படிகங்களும் சளியும் சேர்ந்து ஒட்டினாலும், கடுவனுக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகி, பின் நின்றுவிடுகிறது. பெட்டைப் பூனையின் குழாய் அகலமானதால் அதற்கு இந்த அடைப்பு அரிது. முழுதும் அடைத்துவிட்டால் பொட்டாசியம் இரத்தத்திலேயே தங்கி, இதயத் துடிப்பைக் குலைக்கும். ஒன்றிரண்டு நாட்களில் உயிர் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விடப்பட்டிருந்தால் பூனை திங்கட்கிழமையைப் பார்த்திருக்குமா என்பது ஐயமே.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமாலை நமது கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றிவிடும். இதற்கு வேண்டிய நொதி பூனையின் உடலில் வேலை செய்வதில்லை. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அன்பினால் கொடுத்தாலும் விளைவு அதுதான்.

மருத்துவர் தொட்டபோது பூனையின் சிறுநீர்ப்பை சாத்துக்குடிப் பழம்போல் கெட்டியாக இருந்ததாம். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கினார். பின்னர் ஒரு சொட்டுச் சிறுநீரை ஒரு சிறு கருவியில் இட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். "உங்கள் பாடத்தில் வருவதுதான் தம்பி, ஒளிவிலகல்" என்று மாணவனிடமும் காட்டினார். கரைபொருள் மிகுந்தால் ஒளிவிலகல் எண் கூடும். அதிலிருந்து ஒப்படர்த்தியைக் கணக்கிட்டுவிடலாம். நீரின் ஒப்படர்த்தி 1. நலமான பூனையின் சிறுநீரில் அது வழக்கமாக 1.035-க்கு மேல், 1.060 வரைகூட இருக்கும்.

இவ்வளவு செறிவு ஏன்? வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. எலியின் உடலில் இருந்த நீரே அதற்குப் பெரும்பாலும் குடிநீர். அதன் சிறுநீரகத்தின் நுண்குழல்கள் நீண்டு கீழிறங்கி, கொண்டையூசிபோல் வளைந்து, எதிர்த்திசையில் மேலேறுகின்றன. இந்த எதிரோட்ட அமைப்பில் நீர் திரும்பத் திரும்ப மீட்கப்படுகிறது. மனிதச் சிறுநீரின் உச்சச் செறிவு கடல்நீரின் செறிவைவிடச் சற்றே கூடுதல். பூனையினுடையதோ ஏறத்தாழ மூன்று மடங்கு! கடல்நீரைக் குடித்தும் பூனை பிழைக்க முடியும் என்று 1959-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆனால் இந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டு. சர்க்கரைப் பாகு ஆற ஆறக் கற்கண்டு படிவதைப்போல, செறிந்த சிறுநீரில் மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் படிகங்கள் விழலாம். கடையில் விற்கும் உலர்ந்த பூனைத் தீனியில் நீர் பத்து விழுக்காடு அளவே. எலியிலும் மீனிலும் எழுபது விழுக்காட்டுக்கும் மேல். தாகம் குறைந்த பிராணி உலர்ந்த தீனியையே தின்று வந்தால் என்னவாகும் என்று நீங்களே ஊகிக்கலாம். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த மீனை அந்த நீருடனேயே கொடுக்கும்படி மருத்துவர் சொன்னார்.

படிகமோ கிருமியோ இல்லாமலும் பூனையின் சிறுநீர்ப்பை புண்படுவதுண்டு. இத்தகைய தொல்லையுடன் வரும் இளம் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் வேறு காரணம் எதுவும் தென்படுவதில்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அச்சமும் சூழல் மாற்றமும் இந்நோயைத் தூண்டுவதைக் காட்டினார். அப்படியானால் அடி என்ன செய்யும்? நோயை வளர்க்கும்!

மூன்று நாட்களில் பூனை வீடு திரும்பியது. வலி போய்விட்டது, சிறுநீர் தாராளமாக வந்தது. ஆனால், மறுபடி மெத்தையிலேயே! மாணவன் மீண்டும் என் வீட்டு வாசலில் நின்றான்.

இப்போது இரண்டு காரணங்கள் எஞ்சியிருந்தன. ஒன்று, மணல் தட்டில் உட்கார்ந்தால் வலிக்கும் என்று பூனை கற்றுக் கொண்டுவிட்டது. மற்றொன்று வாசனை. மெத்தையை மூன்று முறை துவைத்தோமே என்கிறீர்களா? பூனைச் சிறுநீரின் நாற்றம் கொஞ்சம் தந்திரமானது. அதில் ஃபெலினைன் என்ற கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் உண்டு. சிறுநீரகம் சுரக்கும் காக்சின் என்ற புரதம் அது உண்டாக உதவுகிறது என்று மசாவோ மியாசாக்கி என்ற ஜப்பானிய ஆய்வாளரும் குழுவினரும் 2006-இல் வெளியிட்டனர். ஃபெலினைனுக்கு நாற்றம் இல்லை. மெல்ல மெல்லச் சிதைந்து, கந்தகச் சேர்மங்களை வெளிவிடும்போதுதான் மூக்கைத் துளைக்கிறது. அதனால்தான் புதிய ஈரத்தைவிட நேற்றைய கறை அதிகம் நாறுகிறது. காயடிக்காத கடுவனில் ஃபெலினைன் மிக அதிகம். யூரியாவும் தன் பங்குக்கு, பாக்டீரியாக்களால் சிதைந்து அம்மோனியாவாகிறது. நம் மூக்குக்குத் தெரியாத அளவு மிச்சமிருந்தாலும், "இங்கேதான் போனோம்" என்று பூனைக்குப் புரிந்துவிடும்.

அவன் வீட்டில் என்ன போட்டுக் கழுவினார்கள் என்று கேட்டேன். நம் வீடுகளில் வேறென்ன, ஃபினாயில்தான்! மணல் தட்டையும் அதிலேயே அலசியிருக்கிறார்கள். தார் எண்ணெயிலிருந்து வரும் ஃபினால் வகைப் பொருள்களையும் பூனையின் கல்லீரலால் எளிதில் வெளியேற்ற முடியாது. மாத்திரைக்குச் சொன்ன அதே காரணம். ஃபினாயிலை மிதித்த பாதத்தைப் பூனை நக்கும் என்பதை மறக்கலாமா? அந்த நெடியாலேயே தட்டை வெறுத்தும் இருக்கலாம். பிளீச்சிங் பவுடரும் கூடாது. சிறுநீரின் அம்மோனியாவுடன் சேர்ந்தால் நெஞ்சை எரிக்கும் குளோரமீன் வாயுக்கள் உண்டாகும்.

நாங்கள் செய்தது இது. நொதி கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கறையில் நன்றாக ஊறவிட்டு, அலசினோம். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவிக் காயவிட்டோம். இது கந்தகச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்து நாற்றமற்றவையாக்கும். சாயத் துணியை வெளுத்துவிடும். ஆகவே ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

காய்ந்துபோன கறைகளைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் என் பாடம் கைகொடுத்தது. 1903-இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாக் கதிரை மட்டும் விடுகிற கண்ணாடி ஒன்றை ஆக்கினார். அதிலிருந்து வந்ததே வுட் விளக்கு. இன்று கள்ளநோட்டுப் பார்க்கும் சிறு விளக்கு அதன் பேரன் எனலாம். சுமார் 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் பட்டதும் காய்ந்த சிறுநீரிலுள்ள சில சேர்மங்கள் அந்த ஆற்றலை ஏற்று, ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, மீதியை நீண்ட அலைநீளத்தில் வெளிவிடுகின்றன. அது மங்கலான மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். இதற்கு ஒளிர்தல் என்று பெயர். விளக்கை நேராகக் கண்ணில் பார்க்கக் கூடாது, எச்சரிக்கை!

அதற்கு முன் தட்டையும் மாற்றினோம். மணலில் ஊற்றிய நீர், மணிகளுக்கு இடையே வழிந்து அடியில் குளமாகிவிடும். மேலே உலர்ந்து தெரிந்தாலும் கீழே அம்மோனியா தயாராகிக் கொண்டிருக்கும். அமெரிக்காவில் 1947-இல் எட்வர்ட் லோ என்பவர் பக்கத்து வீட்டம்மாளின் பூனைக்கு மணலுக்குப் பதிலாக உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்தார். அதுவே பிறகு பெரிய வணிகமாயிற்று. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பென்டோனைட் களிமண். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வெட்டி எடுக்கிறார்கள். மின்சார எர்த் குழியில் கொட்டுகிறார்களே, அதே பொருள்தான். இதன் படிகங்கள் ஒரு நானோமீட்டர் கனமுள்ள தகடுகளாக அடுக்கப்பட்டவை. தகடுகளுக்கிடையே நீர் புகுந்ததும் களிமண் உப்பி, உருண்டையாகக் கட்டிக் கொள்கிறது. உருண்டையை மட்டும் அள்ளி எறிந்தால் மற்றது தூய்மையாக இருக்கும். ஒரு கண்ணாடித் தம்ளரில் மணலும் இன்னொன்றில் பென்டோனைட்டும் நிரப்பி, 20 மில்லிலிட்டர் நீரை ஊற்றிப் பக்கவாட்டில் கவனியுங்கள், வேறுபாடு விளங்கும்.

வாசனையூட்டப்பட்ட வகையை வாங்க வேண்டாம். அந்த மல்லிகை மணம் நமக்காகச் சேர்த்தது, பூனைக்காக அன்று. புதிய தட்டு பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமாக இருந்தது. ஒன்றைக் கூடத்து ஓரத்திலும் மற்றொன்றைப் பின்கட்டிலும் வைத்தோம். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பழைய தட்டு சலவை இயந்திரத்தின் அருகில் இருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பாதியில் இயந்திரம் அதிர்ந்து சுற்றத் தொடங்கினால் யார்தான் அங்கே உட்காருவார்கள்?

அன்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டுக் கள்ளநோட்டு விளக்குடன் வீட்டைச் சுற்றினோம். சோபாவின் பின்னால் இரண்டு, பாட்டியின் கட்டிலடியில் ஒன்று என்று எவரும் எதிர்பாராத கறைகள் சிக்கின. சாக்பீஸால் வட்டமிட்டுக் கொண்டே வந்தான் மாணவன். கூடத்தின் நடுவே திடீரென்று பெரியதாக, நீலவெள்ளையாக ஒன்று பளீரென ஒளிர்ந்தது. "சார், இவ்வளவு பெரிதா!" என்று கத்தினான். அது அவன் அப்பாவின் வேட்டி. வெண்மை கூட்டுவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் பொருளும் புற ஊதாக் கதிரில் ஒளிரும். சாக்கை எடுத்து வைத்திருந்த அந்த மனிதர் தம் வேட்டியைத் தாமே குனிந்து பார்த்துவிட்டு, மடியில் தூங்கிக் கொண்டிருந்த பூனையை எழுப்பாமல், "எனக்கும் ஒரு வட்டம் போட்டுவிடாதே தம்பி" என்றார்.