மறந்துடாதீங்க அம்மா! இன்னும் ஒரு ஊசி பாக்கி!

"ஒன்பதாம் மாசமே ஊசி போட்டாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து!

மணல்வாரி அம்மைக்குத் தடுப்பூசி ஒன்றல்ல, இரண்டு. முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும். அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டால், 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்குப் போதிய பாதுகாப்பு இராது. அம்மை முற்றினால் நிமோனியா, மூளைக் காய்ச்சல் வரலாம், கண்பார்வையே பறிபோகலாம்.

மாதக்கணக்கில் இடைவெளி, மறதி சகஜம். அதனால்தான் 'யூ-வின்' தளத்தில் பதிவான செல்போனுக்கு, ஊசி நாளை நினைவூட்டிக் குறுஞ்செய்தி வருகிறது.

நம்பர் மாறிவிட்டதா? செய்தி அப்பாவின் போனிலேயே தூங்குகிறதா? நர்சம்மாவிடம் சரியான நம்பரைச் சொல்லிடணும்.

சென்னை மாநகராட்சி சுகாதார நிலையங்களில் ஊசி இலவசம். செய்தி வந்தால் மட்டும் போதாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பணும்!