காரில் கழுத்து வலியும் தலைத்தாங்கியும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் உள்ளம் ஊரை நாடிப் பறக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் ரயிலையே நம்பியிருந்த நம்மவரில் பலர் இப்போது சொந்தக் காரிலேயே குடும்பத்துடன் புறப்படுகின்றனர். மும்பை, புனே அன்பர்கள் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே பெங்களூர், கிருஷ்ணகிரி என்று இறங்கி வருகின்றனர். டெல்லி, நாகபுரி, ஐதராபாத் அன்பர்களுக்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலை துணையாக அமைகிறது. டயர், பிரேக், எண்ணெய் யாவற்றையும் சோதித்துவிட்டே புறப்படுகிறோம். ஆயினும், இருக்கையின் உச்சியில் உள்ள ஒரு சிறு பொருளை மட்டும் நாம் பொருட்படுத்துவதே இல்லை. ஹெட்ரெஸ்ட் என்று எல்லோரும் வழங்கும் தலைத்தாங்கியே அது. அதை நாம் நினைப்பதெல்லாம், "கழுத்தை முன்னே தள்ளுகிறதே, கழற்றி எறிந்துவிடலாமா?" என்று சலித்துக்கொள்ளும்போதுதான்.

அவ்வாறு கழற்றி எறிவது தகாது என்பதையும், அதைக் கழற்றாமலே கழுத்தின் வேதனையைத் தணிக்க வழிகள் உண்டு என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரால் வந்த மயக்கம்

'ரெஸ்ட்' என்ற சொல்லைக் கேட்டதும், இது தலை சாய்த்து இளைப்பாறுவதற்கான தலையணை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் வண்டிகளை அமைக்கும் பொறியாளர்கள் இதற்கு இட்ட பெயர் 'ஹெட் ரெஸ்ட்ரெயின்ட்' என்பதாகும். தலை பின்னோக்கிச் சாய்வதைத் தடுத்து நிறுத்துவது என்பதே அதன் பொருள். ஆகவே இது தலையணை அன்று. கழுத்துக்கு இட்ட வேலி.

நம் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வேறொரு வண்டி வந்து மோதுவதாகக் கொள்வோம். இருக்கை நம் முதுகை வேகமாக முன்னே தள்ளுகிறது. உடல் முன்னே செல்கிறது. தலையோ இருந்த இடத்திலேயே பின்தங்குகிறது. இடையே அகப்பட்ட கழுத்து வளைந்து, சாட்டையைச் சொடுக்கியது போல் பின்னே மடிகிறது. கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் நிகழ்ந்து முடிந்துவிடும். கைகளை ஊன்றிக்கொள்ளவும் அவகாசம் இராது. இதனால் கழுத்தின் தசைகளும் தசைநார்களும் அடையும் காயத்தையே மருத்துவர்கள் 'விப்லாஷ்' என்கின்றனர். வலி உடனே தோன்றாமல் மறுநாள் தோன்றுவதும் உண்டு. சிலருக்கு அது மாதக் கணக்கில் நீடித்துத் துன்புறுத்தும்.

அமெரிக்க நாட்டில் 1969-ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளில் தலைத்தாங்கி கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனை அந்நாட்டு அரசு ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட முடிவு நம் கவனத்துக்குரியது. இருக்கையோடு ஒன்றாகச் சேர்ந்த தலைத்தாங்கி, பின்மோதலில் காயமுறும் அபாயத்தை 17 சதவிகிதம் குறைத்தது. ஏற்றி இறக்கக்கூடிய வகையோ 10 சதவிகிதமே குறைத்தது. காரணம் என்ன? பெரும்பாலோர் அதை ஏற்றி வைக்காமல் அடியிலேயே விட்டுவிட்டதுதான். பொருள் இருந்தும், அதைப் பொருத்தும் முறை அறியாமையால் பயன் குன்றியது.

முன்னே தள்ளுவதன் காரணம்

பழைய வண்டிகளில் தலைத்தாங்கி சற்றே பின்வாங்கி இருந்தது. புதியவற்றில் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் காண்கிறோம். இது வடிவமைத்தவரின் பிழை அன்று. தலைக்கும் தாங்கிக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு விரைவில் தலை தடுக்கப்படும். 2004-இல் திருத்தப்பட்ட அமெரிக்க விதி, முன் இருக்கைகளில் இந்த இடைவெளி 5.5 செ.மீ.க்கு மேற்படலாகாது என்று வகுத்தது. அந்த இடைவெளியை அளக்கும்போது, இருக்கையின் சாய்மானம் ஏறக்குறைய 25 பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்கின்றனர். அதைவிட நிமிர்ந்து அமரும் வழக்கமுடையவர்க்கு, அதே தாங்கி பின்மண்டையை முட்டித் தள்ளுகிறது. நோய் இன்னதென்று தெரிந்தால் மருந்தும் எளிதன்றோ? குறை பெரும்பாலும் தலைத்தாங்கியில் இல்லை, சாய்மானத்தில்தான் இருக்கிறது.

பொருத்தும் முறை

வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்ட பின்னரே எதையும் தொட வேண்டும். ஓடும் வண்டியில் இவ்வேலை அறவே ஆகாது.

முதலில் இருக்கையை முன்பின் நகர்த்தி, கால்கள் பெடலை நன்கு எட்டுமாறு அமைத்துக்கொள்க. ஓட்டுபவரின் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இருத்தல் வேண்டும். இடுப்பு இருக்கையின் மூலை வரை செல்லுமாறு நன்றாகப் பின்தள்ளி அமர்க. பிறகு சாய்மானத்தை ஓரிரு படிகள் மட்டும் பின்னே சாய்த்துப் பார்க்க. பலருக்குக் கழுத்து வேதனை இந்த அளவிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது உயரம். தாங்கியின் மேல்விளிம்பு தலையின் உச்சிக்குச் சமமாக இருப்பது உத்தமம். அவ்வாறு இயலாவிடில், உச்சியிலிருந்து 9 செ.மீ.க்குக் கீழே இறங்காதிருக்கட்டும். ஏறக்குறைய காதின் மேல்நுனி அளவு எனலாம். பிடரியின் கீழே நிற்கும் தாங்கி உதவாதது மட்டுமன்று, தலை அதன் மேல் மடிந்து தீங்கும் செய்யக்கூடும். பல வண்டிகளில் மேலே தூக்குவதற்குப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. இறக்குவதற்குக் கம்பியின் அடியிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அமைத்த பின், கையால் கீழ்நோக்கி அழுத்தி, அது காடியில் விழுந்து பூட்டிக்கொண்டதா என்று பார்த்துக்கொள்க.

மூன்றாவது இடைவெளி. பின்மண்டைக்கும் தாங்கிக்கும் இடையே நான்கு விரற்கடைக்கு மேல் வேண்டாம், 10 செ.மீ. என்பது எல்லை. இதை அமர்ந்திருப்பவர் தாமே அறிய இயலாது. இல்லத்தாருள் ஒருவர் வெளியே நின்று, பக்கவாட்டில் பார்த்துச் சொல்லட்டும். சில வண்டிகளில் தாங்கியை முன்பின்னாகவும் சாய்க்கலாம். வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தால் விளங்கும். இவையெல்லாம் முடிந்த பிறகு கண்ணாடிகளைத் திருத்தி, பெல்ட்டை அணிந்துகொள்க. பெல்ட்டும் தலைத்தாங்கியும் ஒன்றுக்கொன்று துணை. பின் இருக்கையில் அமர்வோரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம்.

பெண்டிரும் பெரியோரும்

நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கொண்டையும், கெட்டியான கிளிப்பும், செறிவாகச் சூடிய பூவும் தலைக்கும் தாங்கிக்கும் இடையே புகுந்துகொண்டு தலையை முன்னே தள்ளும். நெடுவழிப் பிரயாணத்தின்போது பின்னலைத் தோள்வழியே முன்னே விட்டுக்கொண்டால் பாதித் தொல்லை நீங்கும். இறங்கும் ஊர் வந்ததும் கொண்டை முடிந்து பூச்சூடிக் கொள்ளலாமே!

முதுகு சற்றே வளைந்த முதியோருக்கு இத்தொல்லை அதிகம். அவர்களுக்குச் சாய்மானத்தை இன்னும் ஒரு படி தாழ்த்தலாம். அல்லது மடித்த மெல்லிய துண்டு ஒன்றை முதுகின் நடுவே, தோளுக்குக் கீழே வைக்கலாம். உடல் சிறிது முன்னே வருவதால் தாங்கியின் அழுத்தம் குறையும். அப்போதும் நான்கு விரற்கடை என்ற வரம்பை மறத்தலாகாது.

பெற்றோரை நாம் பெரும்பாலும் பின் இருக்கையிலேயே அமர்த்துகிறோம். அங்குள்ள தாங்கிகளோ, ஓட்டுபவருக்குப் பின்கண்ணாடி தெரிய வேண்டும் என்பதற்காகத் தாழ்த்தப்பட்டே கிடக்கின்றன. ஆள் இல்லாதபோது தாழ்த்தி வைப்பது சரியே. ஆள் அமர்ந்ததும் உயர்த்த வேண்டும். சில வண்டிகளில், தாழ்ந்த நிலையில் அது வேண்டுமென்றே தோளை உறுத்துமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. 'என்னை உயர்த்துங்கள்' என்று அது நினைவூட்டுவதாகக் கொள்க.

செய்யத் தகாதவை

தாங்கியைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டுவது, முன்பின்னாகத் திருப்பிச் செருகுவது, கம்பியை நெம்பி வளைப்பது ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். திருப்பிச் செருகினால் இடைவெளி பெருகும். பூட்டும் காடி பொருந்தாமலும் போகலாம். கடைகளில் விற்கும் தடித்த கழுத்துத் தலையணைகளைக் கட்டிக்கொள்வதும் நன்றன்று. அவை தலையை மேலும் முன்னே தள்ளும். தடித்த சீட் கவர், பூட்டும் பொத்தானை மறைத்திருக்கிறதா என்றும் கவனிக்க. இரவுப் பிரயாணத்தில் முன் இருக்கையை முழுவதும் சாய்த்து உறங்குவோர் பலர். அந்நிலையில் தலைத்தாங்கியும் பயன்படாது. பெல்ட்டும் உடலை விட்டு விலகிவிடும்.

கண்ணாடியை உடைத்து வெளியேறுவதற்காகவே தாங்கியைக் கழற்றும்படி அமைத்தார்கள் என்றொரு செய்தி கைப்பேசிகளில் உலவுகிறது. அது உண்மையன்று. சுத்தம் செய்யவும், இருக்கையை மடிக்கவும், சில குழந்தை இருக்கைகளைப் பொருத்தவும் உதவுவதே கழற்றும் வசதி. கழற்றினால் உடனே மீண்டும் பொருத்திவிடுக.

இவ்வளவும் செய்த பின்னும் வலி நீங்கவில்லையெனில், மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மோதலுக்குப் பின் கைகளில் மரமரப்போ, வலுக்குறைவோ, கடுந்தலைவலியோ தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

புதிய கார் வாங்க எண்ணும் அன்பர்கள், கடையிலேயே குடும்பத்தார் அனைவரையும் அதில் கால் மணி நேரம் அமரச் செய்து பார்ப்பது நலம். நிறத்தையும் விலையையும் ஆராயும் நாம், தாயாரின் கழுத்துக்கு அவ்விருக்கை பொருந்துமா என்பதையும் ஆராயலாம் அல்லவா? முன்பே வண்டி வைத்திருப்போர் இவ்விடுமுறையில் புறப்படுமுன் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒவ்வோர் இருக்கையையும் அதில் அமர்பவருக்கு ஏற்பத் திருத்திக்கொள்க. அதற்குக் காசு செலவில்லை. யாவரும் நலமே ஊர் சேர்ந்து, நலமே திரும்புக!