தூங்கி எழுந்த லேப்டாப்பில் நெட் வரலையா?

பிள்ளைகள் படிக்கிற வீட்டில் லேப்டாப்பை முழுசாக அணைக்காமல் அப்படியே மூடி வைப்பதும், வேண்டும்போது திறந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் வழக்கமாகி விட்டது. இதற்கு 'ஸ்லீப்' என்று பெயர். அப்படித் தூங்கி எழுந்த லேப்டாப்பில் சில சமயம் வைஃபை மட்டும் வராது. உடனே பணத்தைத் தூக்கிக் கொண்டு கடைக்கு ஓட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் மதியம் 2 மணிக்கு ஆன்லைனில் டெஸ்ட். பத்து நிமிஷம் முன்னால் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை அடையாளத்தையே காணோம். அதே வைஃபையில் என் செல்போனுக்கு நெட் நன்றாக வருகிறது. ஆக, கோளாறு மோடத்தில் இல்லை. பிள்ளைக்கு அழுகையே வந்து விட்டது. பாலிடெக்னிக் படிக்கும் என் நாத்தனார் மகனுக்குப் போன் போட்டேன். "அத்தை, சார்ஜர் ஒயரால போனையும் லேப்டாப்பையும் சேர்த்து மாட்டி, போன் செட்டிங்ஸ்ல 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் பண்ணுங்க" என்றான். வைஃபை இல்லாமலே நெட் வந்தது. அவளும் டெஸ்ட் எழுதி முடித்தாள்.

மறுநாள் கடையில் காட்டினால், "வைஃபை கார்டு போயிடுச்சும்மா, மாத்தணும், மூவாயிரம் ஆகும்" என்றார்கள். எங்களுக்கு அது மாத மளிகைப் பணம். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி விட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகனே வந்து ஐந்து நிமிஷத்தில் சரி செய்து விட்டான்.

பேட்டரியை மிச்சம் பிடிக்க, வைஃபை கருவிக்குப் போகும் மின்சாரத்தை விண்டோஸ் நிறுத்தி விடுகிறதாம். மூடியைத் திறந்ததும் மற்றதெல்லாம் விழித்துக் கொள்ள, அது மட்டும் சில சமயம் எழுவதில்லை. அவன் சொல்லிக் கொடுத்தது இதுதான்:

1. விமானப் படம் போட்ட 'ஏரோபிளேன் மோட்' ஆனில் இருந்தால் அணையுங்கள்.

2. 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' போதாது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் திறப்பதற்காக ஷட் டவுனிலும் பழைய நிலைமையில் கொஞ்சத்தைச் சேமித்து வைத்துக் கொள்கிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

3. அடிக்கடி வந்தால், ஸ்டார்ட் பட்டன் மேல் மவுசின் வலது பக்கத்தை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' போங்கள். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கீழே வைஃபை அல்லது வயர்லெஸ் என்று இருப்பதை இருமுறை அழுத்துங்கள். 'பவர் மேனேஜ்மெண்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சமாக இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரிக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்து விட்டு ஓ.கே. கொடுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம், அவ்வளவுதான்.

சில புது லேப்டாப்களில் அந்தப் பகுதியே இருக்காது. அதற்கு, லேப்டாப் கம்பெனியின் வெப்சைட்டிலிருந்து வைஃபை டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் டிக்கை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. மறுபடி தொல்லை இல்லை. ரீஸ்டார்ட் செய்தும் அந்தப் பட்டியலில் வைஃபை பெயரே இல்லை என்றால் தாராளமாகக் கடைக்குப் போங்கள். "இதெல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்லி விட்டுக் கொடுங்கள். கடைக்காரரும் கவனித்துப் பதில் சொல்வார்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.