வெட்டாமல் ஆறாது காயம்

காயம் ஆறுவது என்றால் பிளந்த சதை ஒட்டிக்கொள்வது என்றே நினைக்கிறோம். ஆனால் அங்கே ஒட்டும் வேலைக்குச் சமமாக வெட்டும் வேலையும் நடக்கிறது. அதைச் செய்பவை நொதிகள். இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தின் நுனிகளைத் த்ராம்பின் நறுக்கிய பிறகே அது இழையாகி, இரத்தம் உறைகிறது. பிறகு அதே இழைகளைப் பிளாஸ்மின் அறுத்து, புதுத் தோலுக்கு வழிவிடுகிறது. பிளாஸ்மின் உண்டாகாதபடி மரபணு மாற்றிய எலிகளுக்குக் காயம் மூட மிகவும் தாமதமானது. காயத்தின் விளிம்பிலுள்ள தோல் செல்களோ, அடியிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைத் தொட்டதுமே கொலாஜனேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. முப்புரிக் கயிறாக முறுக்கிய கொலாஜனை அது ஒரே இடத்தில், முக்கால் பங்கு, கால் பங்கு என இரண்டாகத் துண்டிக்கிறது. பிடி தளர்ந்ததும் செல் முன்னே ஊர்கிறது. இந்த நொதியால் வெட்ட முடியாத கொலாஜன் மேல் விட்டுப் பார்த்தபோது செல்கள் நகரவே இல்லை. ஆய்வாளர்கள் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாபியேரும் 1962-ல் இவ்வகை நொதியை முதலில் கண்டது, வால் கரைந்து தவளையாகும் தலைப்பிரட்டையில்!

தழும்பு விழுந்தபின் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1740-ல் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சனின் கடற்பயணத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் தாக்கிய ஒருவருக்கு, 1690-ல் பாய்ன் போரில் பட்டு எப்போதோ ஆறிய காயம் மறுபடி திறந்துகொண்டது. கொலாஜனை உறுதியாக்கும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் கட்டுமானம் நின்றது, அறுப்பு நிற்கவில்லை. ஐம்பதாண்டுத் தழும்பும் ஓயாத பராமரிப்பில்தான் நிற்கிறது.

சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்ணில் இந்த வெட்டும் நொதிகள்தானே மிகையாகி, புதுக் கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் சிதைக்கின்றன, அவற்றை முடக்கிவிட்டால் என்ன என்பது நியாயமான கேள்வி. அங்கே கெட்டிருப்பது வெட்டல் அல்ல, அதற்குக் கடிவாளமான தடுப்புப் புரதங்களின் விகிதம். எல்லாவற்றையும் முடக்கினால் செல் நகர வழியில்லை. ஆகவே நொதிகளைப் பெருக்கிவிடும் தொற்றையும் அழுத்தத்தையும் இறந்த திசுவையும் அகற்றுவதே சரியான வழி. இறந்த திசுவை நீக்கவும் மருத்துவர்கள் கொலாஜனேஸ் களிம்பையே பயன்படுத்துவதுண்டு. ஆனால் எந்தப் புண்ணுக்கு, எத்தனை நாள் என்பது அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டியது. அனுமதி பெறாத பப்பாளி நொதிக் களிம்புகளை, கடும் ஒவ்வாமை காரணமாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-ல் நிறுத்தச் சொன்னது. சர்க்கரை உள்ளவர்கள் காலில் புண் கண்டால் பப்பாளிப் பால் தடவிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.