விழாமல் நிற்பது எப்படி?

முதுகும் குதிகாலும் சுவரை ஒட்டியிருக்குமாறு நின்றுகொள்ளுங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து, கால்விரலைத் தொட முயலுங்கள். முடியாது, முன்பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். சுவரைவிட்டு விலகி நின்றால் தொட முடிகிறது. குனியும்போது இடுப்பு பின்னே நகர வேண்டும். சுவர் அதைத் தடுத்துவிடுகிறது.

உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள விதிதான் இது. ஈர்ப்பு மையத்திலிருந்து வரையும் செங்குத்துக்கோடு அடிப்பரப்புக்குள் விழும்வரை பொருள் கவிழாது. உங்கள் அடிவயிற்றிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது எப்போதும் இரு பாதங்களும் சூழ்ந்த இடத்துக்குள் இருக்கவேண்டும். மேசைக்கு இது தானாகவே அமைந்துவிடும். நமக்கு அப்படியல்ல. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையத்தை வைத்துக்கொண்டு, இரண்டு சிறிய பாதங்களின்மேல் நிற்கிறோம். உள்ளங்கையில் நிறுத்திய கம்பின் நிலைதான்! திருத்தாமல் விட்டால் உடலின் சாய்வு ஏறத்தாழக் கால் விநாடிக்கு ஒருமுறை இருமடங்காகும் என்று கணக்கிடலாம்.

திருத்துவது யார்? கண்ணும், உட்செவியும், உள்ளங்கால்களிலும் கணுக்கால் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகளும் ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. இளைஞர்களுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு விநாடியில் கணுக்கால் தசை இயங்கிவிடும். முதுமையில் செய்தி மங்குகிறது, தாமதமாகவும் வருகிறது, தசையும் மெலிகிறது. தாமதம் சிறிதுதான். ஆனால் கால் விநாடிக்குள் முடியவேண்டிய வேலையில் அது பெரிய பங்கு.

இடுப்பு 80 செ.மீ. உயரத்திலிருந்து தடையின்றி விழுந்தால், தரையில் மோதும் வேகம் விநாடிக்கு 4 மீட்டர். (நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) உடல் மடிந்து விழுவதால் வேகம் சற்றுக் குறையலாம். ஆயினும் எலும்பு நலிந்த பாட்டிக்குத் தொடை எலும்பு முறிய அது போதும். விழுந்ததால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. ஒருமுறை விழுந்த அச்சத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வோரும் உண்டு. அவர்களது தசை மேலும் மெலிகிறது. அடுத்தமுறை விழுவது எளிதாகிறது. எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகத் தோன்றுகிறது.

சீனாவில் தற்காப்புக் கலையாகத் தோன்றிய ‘தாய் சீ’ இதற்கு உதவுகிறது. மிக மெதுவாகக் கையையும் காலையும் நகர்த்தும் பயிற்சி அது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. அனைவரும் முன்பு விழுந்தவர்கள் அல்லது நடமாடச் சிரமப்பட்டவர்கள். வாரம் இருமுறையாக 24 வாரங்கள் பயிற்சி. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, தாய் சீ முறையில் பயின்றவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு.

விழுவதோ நொடியில் நடப்பது. ஆமை வேகப் பயிற்சி அதை எப்படித் தடுக்கும்? பள்ளி விளையாட்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். வேகமாக ஓட்டுவதைவிட அது எவ்வளவு கடினம்! நடையும் ஓரளவு அப்படித்தான். வேகமாக நடக்கையில் தூக்குக்குண்டு பாதத்தைத் தாண்டி வெளியே போகிறது. அடுத்த கால் வந்து தாங்கிக்கொள்கிறது. மெதுவாக நகரும்போது அந்தச் சலுகை கிடையாது. உடலின் எடை முழுவதையும் ஒரு பாதத்தின்மேல் கொண்டுவந்த பிறகே மறு பாதத்தை எடுக்க முடியும். அதுவரை கணுக்கால் இடைவிடாமல் சிறுசிறு திருத்தங்களைச் செய்தாகவேண்டும். முழங்கால் சற்று மடிந்திருப்பதால் தொடைத் தசையும் உழைக்கிறது. இதனால் முதியவரின் நரம்புகள் இளைஞரின் நரம்புகளாகிவிடா. சாய்வு சிறிதாக இருக்கும்போதே அதை உணர்ந்து திருத்த அவர் பழகுகிறார். சாய்வு இருமடங்காகிக்கொண்டே போகும் ஆபத்தில், முன்கூட்டித் திருத்துவதே லாபம்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ விரும்பினால் சிறிய அளவில் தொடங்கலாம். தலைசுற்றலோ மூட்டுவலியோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்கவேண்டும். கனமான மர நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று, ஐந்து எண்ணும் நேரத்தில் எடையை வலக்காலுக்கு மாற்றி, இடது குதிகாலை மட்டும் உயர்த்தி, மீண்டும் நடுவுக்கு வரவேண்டும். பிறகு மறுபக்கம். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. அதன் எடை குறைவு, பிடித்தவரோடு சேர்ந்து கவிழும். பக்கத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.