பிரதமர் எழுந்து போன ஆண்டு

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு மௌனம் என்றால் பயம். மூன்று விநாடி சத்தம் வராவிட்டால், கை தானாகப் பாட்டைத் தேடும். பேட்டிக்கு வந்தவர் பதில் சொல்லத் தடுமாறினால், நானே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன், ஐஸ்லாந்தில் எடுக்கப்பட்ட ஒரு பேட்டியைப் பார்க்கும்வரை.

2016 மார்ச் மாதம் அது. சுவீடன் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் ஐஸ்லாந்துப் பிரதமர் சிக்முண்டூர் டேவிட் குன்லாய்க்சனிடம் பேசுகிறார். முதலில் எல்லாம் சுமுகமாகப் போகிறது. வெளிநாட்டு நிறுவனம் எதனோடும் தொடர்பு உண்டா என்று கேட்டதும் பிரதமரின் பேச்சு தடுமாறுகிறது. அடுத்து 'வின்ட்ரிஸ்' என்ற பெயர் வருகிறது. ஐஸ்லாந்துச் செய்தியாளர் யோஹன்னஸ் கிறிஸ்ட்யான்சன் விடாமல் கேட்கிறார். பிரதமர் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

வின்ட்ரிஸ், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் அவரும் அவர் மனைவியும் வைத்திருந்த நிறுவனம். 2009இல் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், அந்த ஆண்டின் கடைசி நாளில் தம் பாதிப் பங்கை மனைவிக்கு ஒரு டாலருக்கு விற்றிருந்தார். 2008இல் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகள் விழுந்தபோது சாதாரணக் குடும்பங்கள் கடனில் தவித்தன. அதே வங்கிகளிடமிருந்து தனக்குப் பணம் வரவேண்டும் என்று கோரியவர்களில் வின்ட்ரிஸும் ஒன்று. வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டியதாகவும் விதி எதையும் மீறவில்லை என்றும் பிரதமர் சொன்னார். ஆனால் மக்களுக்கு உறுத்தியது, அவர் இதை மறைத்துவிட்டார் என்பதுதான்.

பனாமா ஆவணங்கள் வெளியான ஏப்ரல் 3ஆம் தேதி பேட்டியும் ஒளிபரப்பானது. மறுநாள் நாடாளுமன்றத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். முட்டையும் தயிரும் வாழைப்பழமும் கட்டடத்தின் மேல் பறந்தன. ஏப்ரல் 5ஆம் தேதி, பிரதமர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. அப்போது மொத்தமே சுமார் 330,000 பேர் வாழ்ந்த நாடு அது.

அந்த நாட்களில் தொலைக்காட்சியில் நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தவர் குட்னி யோஹன்னசன் என்ற வரலாற்றுப் பேராசிரியர். கட்சி சாராத அவர், ஜூன் 25ஆம் தேதி 39 விழுக்காடு வாக்குகளுடன் அதிபர் தேர்தலில் வென்றார். இரண்டே நாளில் ஐஸ்லாந்துக் காற்பந்துக் குழு யூரோ கிண்ணத்தில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது. பிரான்சுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தை, புதிய அதிபர் நீலச் சட்டை அணிந்து ரசிகர்களோடு ரசிகராக உட்கார்ந்து பார்த்தார்.

அக்டோபர் 24ஆம் தேதி பிற்பகல் 2.38க்குப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஆண்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால், தங்களுக்குக் கிடைக்கும் சம்பளம் அந்த நிமிடத்தோடு தீர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஐந்து நாள் கழித்து நடந்த பொதுத்தேர்தலில், 63 இடங்களில் 30 பெண்களுக்குக் கிடைத்தன. பதவி விலகிய பிரதமரின் கட்சி 19 இடத்திலிருந்து 8க்கு இறங்கியது.

எல்லாம் தலைகீழாக மாறிவிட்டதா? இல்லை. 2017 ஜனவரியில் பிரதமரான பியார்னி பெனடிக்ட்சனின் பெயரும் பனாமா ஆவணங்களில் இருந்தது. தம் மீது தவறில்லை என்றார் அவரும். ஒரு கேள்வியால் ஓர் ஆட்சிமுறையே திருந்திவிடாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டிருந்தால், அந்த ஏப்ரலில் சதுக்கத்துக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

சென்ற வாரம் என் நிகழ்ச்சிக்கு வந்தவர், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்துச் சமாளித்தார். கை பாட்டுப் பக்கம் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். ஐந்து விநாடி ஒரு சத்தமும் இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆறாவது விநாடியில் அவர் பதில் சொல்லத் தொடங்கினார்.