அரசு உதவியால் சிறு நெல் விவசாயியின் வருமானம் எவ்வளவு உயர்கிறது?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமானின் நெற்களஞ்சியம் எனப்படும் திக்லிபூர் உள்ளிட்ட பகுதிகளில் சிறு விவசாயிகள் நெல் பயிரிட்டு வருகின்றனர். மத்திய அரசின் வேளாண் உதவிகள் அனைத்தும் இவர்களது வருமானத்தை ஒரே அளவில் உயர்த்துவதில்லை. வீட்டுத் தேவை போக விற்பனைக்கு எவ்வளவு நெல் மிஞ்சுகிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

நேரடி நிதியுதவி

2019-இல் தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000 மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. விளைச்சல் குறைந்தாலும் இத்தொகை குறையாது. இதனால் சிறு விவசாயிக்கே இது கூடுதலாகப் பயன்படுகிறது. எனினும், மாதக் கணக்கில் இது ரூ.500 மட்டுமே. கூலியும் இடுபொருள் செலவும் உயரும்போது இதன் மதிப்பு குறைகிறது. மேலும், நிலம் தம் பெயரில் இல்லாத குத்தகை விவசாயிகளுக்கு இது கிடைப்பதில்லை.

குறைந்தபட்ச ஆதரவு விலை

சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை 2024-25-இல் குவிண்டாலுக்கு ரூ.2,300 ஆக இருந்தது. 2025-26-இல் ரூ.69 உயர்ந்து ரூ.2,369 ஆனது. உதாரணமாக, 30 குவிண்டால் அறுவடை செய்து, 10 குவிண்டாலை உணவுக்கும் விதைக்கும் வைத்துக்கொள்ளும் விவசாயிக்கு இந்த உயர்வால் கிடைப்பது ரூ.1,380. 200 குவிண்டால் விற்பவருக்கோ ரூ.13,800. அதுவும் அரசு கொள்முதல் நடந்தால்தான். வியாபாரியிடம் குவிண்டாலுக்கு ரூ.200 குறைத்து விற்க நேர்ந்தால், முதலாமவர் இழப்பது ரூ.4,000. இது பி.எம். கிசானின் இரண்டு தவணைகளுக்குச் சமம்.

உர மானியம்

உர மானியம் ரொக்கமாக விவசாயியின் கைக்கு வருவதில்லை. சாகுபடிச் செலவை மட்டுமே குறைக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் ரூ.266-க்கு விற்கப்படுவதற்கு இதுவே காரணம். குறைவாக உரமிடுவோருக்குப் பலனும் குறைவு.

தீவுகளின் தனிநிலை

தீவுகளுக்கான அரிசியின் பெரும்பகுதி நிலப்பகுதியிலிருந்து கப்பலில் வருகிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு 2023 ஜனவரி முதல் நியாயவிலைக் கடைகளில் உணவு தானியம் இலவசமாக வழங்கப்படுகிறது. இது விவசாயக் குடும்பத்தின் உணவுச் செலவைக் குறைத்தாலும், உள்ளூர் நெல்லுக்கான தேவையைக் கட்டுப்படுத்தக்கூடும்.

2004 சுனாமியில் தெற்கு அந்தமானின் வயல்கள் பலவற்றில் கடல்நீர் புகுந்தது. உப்பேறிய நிலத்தில் விளைச்சல் குறையும்போது ஆதரவு விலையின் பயனும் சுருங்குகிறது. எனவே, விலை உயர்வுடன் உவர் தாங்கும் விதையும் அருகிலேயே கொள்முதல் வசதியும் கிடைத்தால்தான் சிறு விவசாயியின் வருமானம் உயரும்.